சக்கரவர்த்தியின் நகல்

"அப்பாதுரை, நீர் ஒரு கிழட்டு மாங்கா!"

வாட்ஸப்பில் 'சக்கரவர்த்தி சபை' குழுவில் யூஜினின் பதில் வந்து விழுந்ததும் சிரிப்பு முகங்கள் வரிசை கட்டின. குழுவினர் வாராவாரம் பார்த்துவந்த தொடரின் கடைசிப் பகுதி வெளியான வெள்ளிக்கிழமை அது. "யூஜின் சார் செம ஃபார்ம்ல இருக்காரு!" என்று எழுதினார் குழுவை நடத்தும் ஃபிராங்க்ளின். "ரெண்டு வரி போதும், சார் எழுத்துன்னு கண்ண மூடிட்டுச் சொல்லிடலாம்."

பவுலின் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஃபிரிட்ஜுக்கு மேலே, காகிதப் பூமாலை போட்ட படத்திலிருந்து அவள் கணவர் யூஜின் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன வருடம் தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம், குழுவில் செய்தியைச் சொல்லிவிடலாம் என்றுதான் பவுலின் அவருடைய போனைத் திறந்தாள். அப்பாதுரை அனுப்பியிருந்த குரல்செய்தியைத் தொட்டதும் அவர் குரல் கணீரென்று வந்தது. "என்ன யூஜின், சத்தத்தையே காணோம்? தோத்துட்டேன்னு ஒத்துக்கிறீரா?"

அந்த மனிதர் அப்போதெல்லாம் எதையும் பேசித்தான் அனுப்புவார். தொண்டை சரியில்லை என்று தட்டச்சுக்கு மாறியது தீபாவளிக்கு அப்புறம்தான்.

பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யூஜினாவது தோற்பதாவது! அவர் எழுதுகிற மாதிரியே நாலு வரி எழுதி அனுப்பிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் எழுதினாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

சண்டையெல்லாம் அந்தத் தொடரைப் பற்றித்தான். சக்கரவர்த்தி சாகும்போதெல்லாம் கண்ணாடித் தொட்டியிலிருந்து அவருடைய நகல் ஒன்று எழுந்து வந்து அரியணையில் உட்காரும். அதே முகம், அதே நடை. குடிமக்களுக்கு எதுவும் தெரியாது.

"கதை விடுறாங்க. நகல் நகல்தான். வாயத் திறந்தா ஒரே வாரத்துல மாட்டிக்குவான்" என்பது யூஜினின் கட்சி. "நாற்காலியில ஆள் இருந்தாப் போதும். யாருய்யா உத்துப் பார்க்கப் போறா?" என்பது அப்பாதுரையின் கட்சி. இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. ஆனால் இவர்கள் அரசவைப் பாணியில் நீர், உம் என்று முட்டிக்கொள்வதைப் படிப்பதற்காகவே தொடரைப் பார்க்கிறவர்கள் குழுவில் இருந்தார்கள்.

பவுலினுக்கு உள்ளூர அப்பாதுரை சொல்வதுதான் சரியென்று பட்டது. ஆனாலும் யூஜினின் கட்சியை விட்டுக்கொடுக்க முடியுமா? நகலால் ஒருவரையும் ஏமாற்ற முடியாது என்று வாரம் தவறாமல் வாதாடினாள். குழு மொத்தமும் கட்டைவிரலைத் தூக்கி ஆமோதித்தது.

போன் மறுபடி முனகியது. ஃபிராங்க்ளின்தான். "சீரியல் முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழம எல்லாரும் கப்பன் பார்க்ல கூடுறோம். யூஜின் சாரும் அப்பாதுரை சாரும் நேருக்கு நேர் மோதணும். சும்னே ஏதாவது சாக்குச் சொல்லி டபாய்க்கக் கூடாது!"

உண்மை தெரிந்தால், யூஜினோடு சண்டை போட இந்த ஊரில் ஒரு ஆள் மிச்சமிருக்காது. மறுபடி ஒருமுறை அவரை அடக்கம் செய்கிற மாதிரிதான். ஆனால் இனி மறைக்கவும் வழியில்லை. கூட்டத்தின் நடுவே தெரிந்து அப்பாதுரை அவமானப்படுவதைவிட, முன்கூட்டியே அவரிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும்.

"மீட்டிங்குக்கு முன்னாடி உம்மகிட்ட தனியா ஒண்ணு பேசணும்" என்று அப்பாதுரையின் எண்ணுக்கு மட்டும் எழுதினாள்.

உடனே பதில் வந்தது. "நானும் அதத்தான் நெனச்சேன். பார்க் பக்கத்து தர்ஷினி ஓட்டல்ல, காபி கவுண்டர்கிட்ட. கையில நீலக் குடை இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பவுலின் போனாள். நீலக் குடை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்ததோ ஒரு பெண்மணி. ஏறக்குறைய பவுலினின் வயதுதான் இருக்கும்.

"அப்பாதுரை சார் வரலீங்களா?"

"அவரால வர முடியலீங்க. நான் அவரு சம்சாரம், பிரபா. ஒக்கலிபுரத்துலருந்து வர்றேன்." அவள் கண்கள் பவுலினின் தோளுக்குப் பின்னால் பயத்தோடு தேடின. "யூஜின் சார் எங்க? ரொம்பக் கோவக்காரராச்சே அவரு."

"நான் அவர் ஒய்ஃப், பவுலின்."

இரண்டு காபி வாங்கிக்கொண்டு, நின்று குடிக்கிற மேசை ஒன்றில் ஒதுங்கினார்கள். இரண்டு பேருமே குடிக்கவில்லை. பிரபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பவுலின் முந்திக்கொண்டாள்.

"மொதல்ல நான் சொல்லிடுறேன்க்கா, இல்லன்னா தைரியம் போயிடும். எங்க அவர் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. குரூப்ல எழுதிட்டிருந்தது நான்தான். உங்க வீட்டுக்காரர் திட்டத் திட்ட, இவர் இன்னும் வீட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கார்னு தோணும். அதுக்காகத்தான் எழுதினேன். ஏமாத்தணும்னு இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட பக்குவமாச் சொல்லி, என்னை மன்னிச்சிடச் சொல்லுங்க."

பிரபா டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள். அவள் கண் நிறைந்தது, உதடு துடித்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பவுலினுக்குப் பிடிபடவில்லை.

"அவர்கிட்ட சொல்லணும்னா நான் சுடுகாட்டுக்குத்தாங்க போகணும்" என்றாள் பிரபா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "அப்போ, முந்தாநாள் என்னையக் கிழட்டு மாங்கான்னு திட்டுனது நீங்கதானா?"