சூசையின் படிவம்

பிளோமினாவின் கணவன் சூசை கடலுக்குப் போய் நான்கு நாட்களாகத் திரும்பவில்லை. மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் மனுவைப் பதிந்தால்தான் நாளைக் காலை அவனைத் தேடிப் படகு போகும். மீன்வளத் துறை அலுவலகக் கணினியில் அவள் மூன்றாவது முறையாக எல்லா விவரங்களையும் தட்டினாள். தேதிக்கான பொத்தானை அழுத்தியதும் திரையில் சின்ன ஜன்னல் ஒன்றில் நாட்காட்டி திறந்தது. பின்னால் படிவம் வெறுமையாகிவிட்டது.

"மறுபடியும் அவரு பேரு போயிட்டு, தம்பி."

அந்த இணையதளத்தை உருவாக்கிய இளமாறன் எழுந்து வந்தான். "தாள்ல எழுதிக் குடுங்கக்கா. நாளைக்குப் பார்ப்போம்."

"நாளைக்கா? நீங்க இப்பவே சரி பண்ணுங்க. எத்தன தடவன்னாலும் நான் தட்டுதேன்."

அவன் நிரலைத் திறந்து பார்த்தான். அந்தப் பொத்தான் ஜன்னலைத் திறப்பதோடு நில்லாமல், பக்கத்தையே புதிதாக ஏற்றிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க ஒரு வரி சேர்த்தான். மணி நாலே முக்கால்.

பிளோமினா மறுபடி தட்டினாள். பொத்தானை அழுத்தினாள். நாட்காட்டி திறந்தது, பின்னால் சூசையின் பெயர் அப்படியே இருந்தது. அவன் கடலுக்குப் போன செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த கேள்வி: காணாமல் போனவரா, இறந்தவரா?

இளமாறன் அறையின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் முதல் கட்டத்தில் குறியிட்டு, 'அனுப்புக' என்பதை அழுத்தினாள்.