ஆதாரம் எங்கே?

"மறுபடியும் உள்ள பூந்துட்டான் லூசி!" என்று கத்தினார் எட்வின்.

லூசி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வூட்டுக்குள்ள திருடன் பூந்தாக்கூட இப்படிக் குதிக்க மாட்டீங்க. உங்க கம்ப்யூட்டர்லதான பூந்தான்?"

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. எட்வின் அதில் ஒரு நிர்வாகி. கரியாலூருக்கு மேலே இருக்கும் ஊமைப்பாறை அருவியைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தில்தான் பெயர் போடாத எவனோ கை வைத்துக்கொண்டிருந்தான்.

'ஆழம் குறைவு, குளிக்க ஏற்ற இடம்' என்ற வரியை அழித்துவிட்டு, 'இங்க எறங்காதீங்க. பாறைக்கு அடியில சுழல் இருக்குது. எங்க ஊரு பையன் செத்துட்டான்' என்று எழுதியிருந்தான்.

'ஆதாரம் எங்கே? பேப்பரில் வந்ததா?' என்று தட்டிவிட்டார் எட்வின்.

பதில் உடனே வந்தது. 'எங்க மலையில செத்தா பேப்பர்ல எவன் சார் போடுறான்?'

"நக்கலப் பாரேன்!" நாசவேலை என்று குறித்து அதை அழித்தார். தன் வரியைத் திரும்பப் போட்டார். அந்த ஆள் எதையும் திருத்த முடியாதபடி ஒரு நாள் தடையும் விதித்தார்.

லூசி கரண்டியோடு வந்து நின்றாள். "நீங்க அந்த அருவியப் பாத்திருக்கீங்களா இன்னா?"

"எதுக்குப் பாக்கணும்? டூரிஸ்ட் புக்குல தெளிவா போட்டுக்குது. அதாண்டி ஆதாரம்."

செல்போன் அடித்தது. காலேஜ் தோழிகளோடு காலையிலேயே மலைக்குக் கிளம்பிப் போன மகள் ஷைனி.

"அப்பா, நீங்க எழுதுன அருவிக்குத்தான் போய்க்கினு இருக்கோம். எறங்கக் கூடாதுன்னு இன்னாவோ போட்டிருந்துச்சே, இப்பக் காணோம்?"

"எவனோ விஷமம் பண்ணாம்மா. அழிச்சிட்டேன். நீ ஜாலியா குளிச்சிட்டு வா."

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பினார் எட்வின். மண் ஒட்டிய கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். தன் வரியைத் தானே அழிக்கப் போனார்.

அது ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது.

தடை முடிந்த கையோடு அந்த ஆள் வந்துவிட்டுப் போயிருந்தான். பழைய எச்சரிக்கை மறுபடியும் இருந்தது. அதன் கீழே அன்றைய பேப்பர் செய்திக்கு இணைப்பு. அழுத்தினால், சிரிக்கும் ஷைனியின் போட்டோ.

திருத்தியதற்கான காரணத்தை, யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமலே, மரியாதையாக எழுதி வைத்திருந்தான்.

'ஆதாரம் கெடைச்சிடுச்சிங்க சார். இப்பவாச்சும் அழிக்காதீங்க.'