கொடிக்கயிற்றுக்கு நடக்கும் மரியாதை

துறைமுகத்தை ஒட்டிய ஒரு மொட்டை மாடியில் கட்டியிருந்த கொடிக்கயிற்றுக்குத் தலைக்கனம் அதிகம்.

"எந்த ஊர்லயாவது கயித்துக்கு இந்த மரியாதை உண்டா?" என்று, அன்று காய வந்த கைக்குட்டையிடம் கேட்டது. "இந்த வீட்டு பிலோமினா ஈரத்துணியால என்னை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் துடைப்பா. அதுக்கப்புறம்தான் என் மேல புடவையே காயப் போடுவா."

"துடைச்ச துணியைப் பார்த்தியா?" என்றது கைக்குட்டை.

"பார்க்காம என்ன? கன்னங்கரேல்னு இருக்கும். அதோ நிக்குதே கப்பல், அதோட புகைக்கூண்டு எனக்குன்னே அனுப்புற மை அது. கடல் தாண்டி வந்தவன் என்னைத் தேடி வந்து பூசிட்டுப் போறான்!"

கைக்குட்டை காற்றில் தன்னை விரித்துக் காட்டியது. அதன் நடுவில், துவைத்தும் போகாத கறை இருந்தது.

"காலையில பிலோமினா என்னை வாயில பொத்திக்கிட்டு இருமினா. இது அவ நெஞ்சுக்குள்ளேருந்து வந்தது."

கயிறு உற்றுப் பார்த்தது. அதே கறுப்பு.

கீழே மாடிப்படியில் இருமல் சத்தம் கேட்டது. கயிறு பெருமையில் இன்னும் விறைத்துக்கொண்டது.

"எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். அவளுக்கும் அதே மரியாதை நடந்திருக்கு!"