இறுகாத மூடிகள்

மூட்டுகளை வாட்டும் லூபஸ் நோய் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போகும் நர்ஸ் ஃப்ளோரா, ஒரு பட்டையைப் பூங்கோதையின் கையிலும் அதன் ஜோடியை அவள் கணவன் சென்னியப்பனின் கையிலும் கட்டினாள். இனி அரை மணி நேரம் அவள் வலி அவன் உடம்பிலும் தெரியும். வீட்டுக்கு ஒருவர் கட்டிக்கொண்டே ஆகவேண்டும் என்பது விதி.

"பாக்க நல்லாத்தானுங்க இருக்கறா," என்று சிரித்தான் அவன். லேத் பட்டறைக்காரன், வீட்டு டப்பாக்களையும் போல்ட் முடுக்குவதுபோல்தான் மூடுவான்.

"எல்லாருக்கும் ஒரு காப்பி போடுங்கண்ணா," என்றாள் ஃப்ளோரா.

காலையில் அவனே மூடிய சர்க்கரை டப்பாவைத் திருகினான். விரல் மூட்டெல்லாம் தீயாய்க் காந்தியது. மறுபடி முயன்றான்; முடியவில்லை. டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

"தெனமும் இப்படித்தானா புள்ளே?"

"இன்னைக்குக் கொஞ்சம் தேவலைங்க," என்றாள் பூங்கோதை.

அடுத்த மாதம் ஃப்ளோரா போனபோது பூங்கோதையே காப்பி கொண்டுவந்தாள். சமையலறையில் ஒரு மூடியும் இறுக்கப்படவில்லை. எல்லாம் டப்பாக்களின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. காப்பியில் இரண்டு எறும்புகள் மிதந்தன.

"இவராலே வீடு பூரா எறும்புங்க சிஸ்டர்," என்றாள் பூங்கோதை, பெருமையாக.

ஃப்ளோரா எறும்புகளை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.