பூமழைத் தேதி

பண்ணைக்காட்டில் இப்போதெல்லாம் ஃபோனில் பதிவு செய்தால்தான் மழை வரும். மார்ச்சில் தெருவுக்கு ஒரு பூமழை. காபிச் செடிகள் பூக்க அது போதும். இந்த வருடம் தேதி சொல்லும் முறை தவமணிக்கு. அவள் இருபத்தொன்று என்று போட்டிருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்து ராசாங்கம் தலைதெறிக்க ஓடிவந்தான். "அக்கா, அன்னிக்கு என் மூத்தவளுக்குக் கல்யாணம்! பந்தியே நனைஞ்சிரும். தள்ளிப் போடுங்கக்கா."

"தள்ளிப் போட்டா மொட்டு கருகிரும்டா" என்றவள், விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தேதியை முன்னால் இழுத்தாள். எந்தத் தேதி என்று கேட்காமலேயே ராசாங்கம் சந்தோஷமாகத் திரும்பிப் போனான்.

பன்னிரண்டாம் தேதி மழை கொட்டியது. கல்யாணத்துக்கென்று அவன் மொட்டைமாடியில் காயவைத்திருந்த ஆயிரம் அப்பளமும் கூழாகிப் போனது.

"வேணும்னே பண்ணிட்டீங்க!" என்று வேலியோரம் நின்று கத்தியவன், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

கல்யாணத்தன்று விடிந்தபோது மலைச்சரிவு முழுக்க ஒரே வெள்ளை. மழை பெய்த ஒன்பதாம் நாள்தானே காபி பூக்கும்! வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சம்பந்தி, எங்களுக்காகவா இத்தனை பூ?"

ராசாங்கம் கூசாமல் தலையாட்டினான்.

பந்தியில் தவமணியின் இலைக்குக் கடையில் வாங்கிய அப்பளத்தை அவனே கொண்டுவந்தான். இரண்டாக வைத்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அடுத்த வருசமும் மழைத் தேதியை நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் சின்னவளுக்கு ஜோசியரைப் பார்ப்பேன்."