வலக்கை வளைவு

சிவப்பு வயரின் நுனியைப் பல்லால் உரித்துத் துப்பினார் அவர்.

பிக்கப் வண்டியின் பானட்டுக்குள் இடுப்பு வரை போயிருந்தார். வெளியே தெரிந்தது வேட்டி மட்டும்.

"என்னண்ணே, வண்டி முழுங்கிருச்சா?"

கேட்டவன் சந்தையில் மூட்டை இறக்கும் மொக்கராசு.

"விளக்குக்கு ரிலே வைக்கிறேன்டா."

"அந்த விளக்குக்கா? எண்ணெ ஊத்தித் திரி போடுங்கண்ணே, போதும்."

வத்தலகுண்டுச் சந்தையே சிரித்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்கவே தீக்குச்சி கிழிக்க வேண்டும். எதிரே மின்மினிப்பூச்சி வந்தால் கண் கூசி ஓரம் கட்டுவார்.

தப்பு விளக்கில் இல்லை. பேட்டரியில் கிளம்பும் கரண்ட், ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சுக்குப் போய், தலைமுடி கனத்து வயரில் ஊரெல்லாம் சுற்றி, விளக்குக்கு வந்து சேரும்போது அதற்கு மூச்சு வாங்கும். உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்.

இனி சுவிட்ச் எதையும் சுமக்க வேண்டாம். தகவல் சொன்னால் போதும். ரிலே கதவைத் திறந்துவிடும். கரண்ட் தடித்த வயரில் நேராக ஓடும்.

நாலு கால் உள்ள கறுப்புப் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கியது.

அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில் முடுக்கினார்.

எல்லாம் பவுனுத்தாய்க்காக.

பவுனுத்தாய் அவர் மனைவி. நாலு கடை தள்ளி சவ்சவ் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய செவலைப் பசுவை அவளைக் கேட்காமல் விற்று, இந்த வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார்.

அன்றைக்கு நின்றது பேச்சு.

வீட்டில் அவள் அடுப்போடு பேசுவாள். "பசிக்கிறவங்க தட்டை எடுத்து வைக்கலாம்." முருங்கை மரத்தோடு பேசுவாள். "துண்டு காஞ்சிருச்சு, வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்." தாண்டிக்குடி மலையில் அவள் பேசாத உயிர் ஒன்றுதான். அது அவர்.

வண்டியில் மட்டும் அந்த வைராக்கியம் செல்லாது.

சந்தை முடிந்து, பொழுது சாய்ந்து வீட்டுக்கு மலையேறும்போது அவருக்குச் சாலை தெரியாது. அந்த மலையிலேயே பிறந்தவளுக்கு மனப்பாடம்.

"வலக்கை வளைவு. ஒடிங்க. இன்னும் ஒடிங்க. அய்யோ, அது புளியமரமில்ல, பஸ்ஸு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

வளைவுக்கு ஒரு திட்டு. நேர் சாலைக்கு அரைத் திட்டு. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் வாய் மூடும். மறுநாள் சாயங்காலம்தான் திறக்கும்.

போன வாரம் சக்கரம் ஓரக்கல்லில் ஏறி இறங்கியது.

அவள் முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒருநாள் ரெண்டு பேரும் பள்ளத்துல கெடப்போம். அப்பவும் நான் யாருகூடயும் பேசமாட்டேன்."

சொல்லும்போது டேஷ்போர்டை இறுகப் பிடித்திருந்தாள். அவர் பார்த்துவிட்டார்.

அதற்குத்தான் ரிலே.

சந்தை முடிந்து, இருட்டும் நேரத்தில் காலிச் சாக்குகளோடு அவள் ஏறி உட்கார்ந்தாள். மலையடிவாரம் வந்ததும் அவர் சுவிட்சைத் தட்டினார்.

டிக்.

மலை விடிந்தது.

கூட்டுக்குப் போன காக்கைகள் கரைந்துகொண்டு வேலைக்குக் கிளம்பின. ஏதோ தோட்டத்துச் சேவல் பதறிப்போய்க் கூவியது. எதிரே வந்த லாரிக்காரன் வண்டியை நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டு, டிம் அடிக்கச் சொன்னான்.

ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கல்லில் ஊரும் எறும்பும் தெரிந்தது.

அவர் மீசையைத் தடவினார். ஓரக்கண்ணால் பார்த்தார்.

பவுனுத்தாய் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். டேஷ்போர்டைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். சீட்டில் சாய்ந்தாள்.

அந்த வண்டியில் அவள் சாய்ந்து அவர் பார்த்ததில்லை.

முதல் வளைவு வந்தது. அழகாக ஒடித்தார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வளைவு.

சொல்லவில்லை.

கதவில் ஏதோ லொடலொடவென்று ஆடியது. இத்தனை நாள் அது காதில் விழுந்ததேயில்லை. இன்ஜின் சத்தம் கேட்டது. சாக்குகள் உரசுவது கேட்டது. தன் மூச்சே கேட்டது.

பஸ் வந்தது. பஸ்ஸாகவே தெரிந்தது. ஒதுங்கிக் கொடுத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

தூங்கட்டும் என்று இரண்டு வளைவுகளை ஓட்டினார். மூன்றாவதை ஓட்ட முடியவில்லை.

எதிரே கொண்டை ஊசி வளைவு. வெள்ளையடித்த கற்கள் வரிசையாக மின்னின. வலப்பக்கம் காட்டி ஒரு அம்புக்குறிப் பலகை, கல்யாண மண்டபத்துக் கதவு அளவுக்கு, பளபளவென்று நின்றது.

வண்டியை நிறுத்தினார்.

தொண்டையைச் செருமினார்.

"பவுனு... இது எந்தக் கை வளைவு?"

அவள் கண்ணைத் திறந்தாள். பலகையைப் பார்த்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வலக்கை," என்றாள்.

ஒடித்தார்.

வளைவு தாண்டியது. நேர் சாலை. புதுத் தார், எண்ணெய் தடவியது போல வழுவழுவென்று கிடந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முன்னால குழி கெடக்கு. சுத்திப் போங்க."

அவர் சுற்றிப் போனார்.