ஸ்பானரைத் தொட்டுச் சொல்

“குத்தம் எதுவும் இருந்தா மறைக்காமச் சொல்லிரு தம்பி. மாப்ளைக்குக் குடுக்கிற வண்டி.”

போடி ஏலக்காய் வியாபாரி முத்துராஜா இதைச் சொன்னபோது, மெக்கானிக் விஜய்பாண்டி தாங்கு கம்பியை மாட்டாமல் கையை எடுத்துவிட்டான். பானட் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை என்ற சொல் அதற்கு முன்பே விழுந்திருந்ததால் இது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

முத்துராஜாவின் ஒரே மகள் சுபாஸ்ரீ. விஜய்பாண்டியும் அவளும் நான்கு வருடமாகக் காதலிக்கிறார்கள். ‘அப்பாகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன். ஒண்ணுமே பேசல’ என்று மூன்று நாளுக்கு முன் அவள் அனுப்பியதுதான் கடைசிச் செய்தி. அதோடு அவள் போன் அணைந்து கிடக்கிறது.

ஒன்றுமே பேசாத அப்பா மூன்றே நாளில் மாப்பிள்ளை பார்த்து, மாப்பிள்ளைக்கு இரண்டு கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் பார்த்துவிட்டார். எதையும் ஆறப்போடாத மனிதர் என்று பஜாரில் அவருக்குப் பெயர் உண்டு.

“செகண்ட் ஹேண்டு வண்டி. நீ சரின்னுட்டா ஆவணியிலயே முகூர்த்தம் வச்சிரலாம். உங்கிட்ட காட்டாம இந்தப் பக்கம் யாரும் பழைய வண்டி வாங்குறதில்லயாமே?”

அது உண்மைதான். வண்டி விஷயத்தில் விஜய்பாண்டி பொய் சொன்னதில்லை. சொந்தத் தாய்மாமன் விற்க வந்த ஜீப்பை, வாங்க வந்தவர் முன்னாலேயே, “இது மேகமலை ஏறாது. பாதியில நாமதான் எறங்கித் தள்ளணும்” என்று சொன்னவன். அன்றிலிருந்து அனுமந்தன்பட்டி மாமன் வீட்டில் அவனுக்குச் சோறு கிடையாது.

விஜய்பாண்டி எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினான். முத்துராஜா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அது என்னத்துக்குப்பா அந்தச் சக்கரம்?”

“காம் பேஸர்யா. வேகத்துக்குத் தக்கன வால்வு தொறக்கிற நேரத்த முன்னப்பின்ன மாத்திவிடும். ஏலத்துல நீங்க பட்டன் அழுத்துற மாதிரிதான். முந்துனாலும் நட்டம், பிந்துனாலும் நட்டம்.”

“இது கெட்டுப்போனா?”

“மொதல்ல இழுவை போகும். அப்பறம் எஞ்சினே போகும்.”

கழற்றிய மேல்மூடியின் ஓரத்தில் தடவியிருந்த பசை, நேற்றுத் தடவியதுபோல மெத்தென்றிருந்தது. விற்கிறவன் எல்லாம் பார்த்துச் சரிசெய்துதான் விற்கிறான். இந்தக் காலத்திலும் இப்படி யோக்கியன் இருக்கிறானே என்று விஜய்பாண்டிக்கு எரிச்சலாக வந்தது.

செயினில் தொய்வு இல்லை. ஆயில் வால்வின் சல்லடையில் பொட்டுக் கசடு இல்லை. காற்றழுத்தம் கொடுத்ததும் பேஸர் அழகாகத் திரும்பியது. விட்டதும் பழைய இடத்துக்கு வந்து டக்கென்று பூட்டிக்கொண்டது. ஒரே ஒரு பல்லாவது தேய்ந்திருக்காதா என்று டார்ச் அடித்துத் தேடினான். எல்லாப் பல்லும் அவனைப் பார்த்து இளித்தன.

பக்கத்துப் பட்டறை டிங்கர் பொன்னுராஜுக்குக் காதல் விவகாரம் முழுக்கத் தெரியும். சுத்தியல் இரவல் கேட்கிற சாக்கில் வந்து காதைக் கடித்தான்.

“என்னலே நெலவரம்?”

“புதுசு மாதிரி இருக்குண்ணே.”

“அதப் போயி சொல்லப்போறியாக்கும்? ஏலே கூறுகெட்டவனே, அவ கல்யாணத்துக்கு உன் கையாலயே தேதி குறிச்சுக் குடுக்கிறியா? பல்லு தேஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த. அவருக்குப் பல்லும் தெரியாது, செயினும் தெரியாது.”

“வண்டியில பொய் சொன்னதில்லண்ணே.”

“உண்மையச் சொல்லி என்னத்தக் கண்ட? மாமன் வீட்டுச் சோத்தக் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம்.”

மூடியைத் திரும்ப மாட்டி முடிக்கும்வரை விஜய்பாண்டி யோசித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான்.

“வேணாம்யா. பேஸர் போச்சு. பல்லு தேஞ்சிருச்சு, பூட்டும் நிக்கல. இதக் குடுத்தா மாப்ள வீட்ல உங்க பேருதான் கெடும்.”

முத்துராஜா வண்டியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்யா.”

“அந்த ஸ்பானரத் தொட்டுச் சொல்லு.”

நாற்காலிக்குப் பக்கத்தில் சாமி படத்தடியில் இருந்த ஸ்பானர் அது; போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு இந்தத் தொழிலில் எவனும் பொய் சொல்லமாட்டான். விஜய்பாண்டி தொட்டான்.

“தொழில் மேல சத்தியமா, போச்சுய்யா.”

பொன்னுராஜ் தன் பட்டறையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கல்யாணம் நின்றது. மூன்று நாளில் முதல்முறையாக விஜய்பாண்டிக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

முத்துராஜா மெதுவாக எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

“எம்மக மூணு நாளா ஒரே பேச்சுத்தான். ‘அவுக என்ன சாதின்னு பாக்காதீகப்பா. தொழில்ல ஒரு பொய் சொல்ல மாட்டாக. வேணும்னா போய்ப் பாருங்க’ன்னு.”

விஜய்பாண்டியின் கை ஸ்பானரிலேயே ஒட்டிக்கொண்டது.

“நேத்தே மதுரையில இதப் பிரிச்சுப் பாத்தாச்சு தம்பி. ஒரு கொறையும் இல்லன்னு சொன்னாக.”

“ஐயா... அப்பறம் எதுக்கு இங்கன கொண்டாந்தீக?”

முத்துராஜா கார் கதவைத் திறந்தார்.

“மாப்ள பாக்க வந்தேன்ப்பா.”